சைபருக்கு ஓர் அறை

தும்பைக்குறிச்சி பேருந்து நிலையத்தில், செத்துப்போனவர்கள் முதல் மூன்று வருடம் இங்கிலீஷ் எழுத்தில்தான் ஓடினார்கள். வியாபாரிகள் சங்கம் வாங்கி மாட்டிய நீளமான சிவப்பு விளக்குப் போர்டுக்குத் தமிழ் தெரியாது. திருநெல்வேலி பஸ் ஒன்பதே காலுக்கு என்பதையும், சங்கத்துப் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதையும், இன்னார் இறைவனடி சேர்ந்தார், நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்பதையும் அது இங்கிலீஷ் எழுத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்க, சுற்றுப்பட்டியில் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் அண்ணாந்து பார்த்து நின்று, செத்தது யார் என்று பக்கத்தில் நிற்கிற காலேஜ் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகே தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அப்படியிருந்தும் அந்தப் போர்டின் மேல் ஊருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. எந்தச் சாமியும் வந்து சொல்லாமல், எந்த ஐயரும் எழுதிக் கொடுக்காமல், போர்டில் பெயர் ஓடி முடிந்த பிறகுதான் கருமாதிக்கு நாள் பார்ப்பது என்று ஒரு வழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது.

போர்டுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் வடிவு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, புருசன் சுயம்புலிங்கம் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடையின் ஒரு பாதியில் மேஜையும் ஒரு லேப்டாப் கம்ப்யூட்டரும் போட்டுக்கொண்டு, ஜவுளிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் ஓடும் விளக்குப் போர்டு செய்து கொடுக்கிறவள். சங்கத்தார் வந்து கேட்டதும் நாலு நாளில் சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். போனில் நாம் தட்டுகிற தமிழ் எழுத்து உள்ளே போகும்போது முழுசாகப் போகாது. மூன்று மூன்று பைட்டாகத் துண்டு விழுந்துதான் போகும். போர்டுக்கு அந்தத் துண்டுகள் ஆகாது. அதற்கு ஒரே அகலத்தில் வரிசையாக அறைகள் வேண்டும், அறைக்கு ஓர் எழுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்து அறைகளில் உட்கார வைக்க சி மொழியிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. எத்தனை எழுத்து என்று முதலில் அதையே கேட்டால் எண்ணிச் சொல்லும். அத்தனை அறை கட்டிக் கொடுத்தால் ஒவ்வொன்றாக உட்கார வைக்கும். ஆனால் எண்ணும்போது அது கடைசியில் வருகிற சைபரைச் சேர்க்காது. எல்லா எழுத்தும் உட்கார்ந்த பிறகு கடைசி அறையில் ஒரு சைபர் உட்கார வேண்டும். இத்தோடு முடிந்தது, மேலே வாசிக்காதே என்று போர்டுக்குச் சொல்வது அந்தச் சைபர்தான். அதனால் அது எண்ணிச் சொன்னதற்கு மேல் ஒன்று கூட்டி அறை கட்ட வேண்டும்.

வடிவு அந்த ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டாள். இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் ஒரு தரமாவது செய்கிற தப்புதான். பதினோரு மாதம் அது வெளியே தெரியவில்லை, ஏனென்றால் கடைசி எழுத்துக்கு அடுத்த அறை தற்செயலாகக் காலியாகவே கிடந்தது, காலி அறைக்கும் சைபருக்கும் போர்டு வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்தப் பதினோரு மாதத்தில் நாற்பத்தேழு பேர் தமிழில் ஓடி, ஒழுங்காக முடிந்து, கருமாதி கண்டார்கள். நாற்பத்தெட்டாவது ஆளாக சுயம்புலிங்கம் வந்து சேர்ந்தான்.

ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவன் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, போனில் யாருக்கோ மோட்டார் வைத்தியம் சொல்லிக்கொண்டே இருந்தான். சட்னி காய்ந்தது. வடிவு மூன்று தடவை சாப்பிடச் சொன்னாள்; சாயங்காலம் தன்னுடைய முதுகுவலிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட வருவீர்களா என்று இரண்டு தடவை கேட்டாள். அவன் இரு என்று கையைக் காட்டினான். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தட்டை வெடுக்கென்று எடுத்து இட்லியைக் கழனித் தொட்டியில் கொட்டிவிட்டு, "ஊருக்கெல்லாம் பதில் சொல்லுத வாயி, எனக்குன்னா மட்டும் பூட்டிக்கிடும். அப்படியே பூட்டிக் கெடக்கட்டும்" என்றாள். அவன் போனை வைத்தான். சட்டையை மாட்டினான், ஸ்பானர் பையை எடுத்தான், போய்விட்டான். பதினொரு மணிக்கு ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே இழுத்துக்கொண்டிருந்தவன், கயிற்றைப் பக்கத்து ஆளின் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, திரும்ப எழுந்திருக்கவில்லை.

அறிவிப்பை வடிவே எழுதினாள், வேறு யாரையும் தொடவிடவில்லை. பெயர், வயது நாற்பத்தாறு, தொழில், எடுக்கும் நேரம் மாலை ஐந்து மணி. மத்தியானம் ஒன்றரைக்குப் போர்டில் ஓடத் தொடங்கியது. கடைசி எழுத்துக்கு அடுத்த அறை அன்றைக்குக் காலியாக இல்லை. போர்டு நிற்காமல் மேலே வாசித்துக்கொண்டு போனது: மாலை ஐந்து மணி வேலுச்சாமி மாமா அந்த மோட்டாருக்குக் காயில் நல்லாத்தான் இருக்கு கெப்பாசிட்டர்தான் போச்சி புதுசு ஒண்ணு வாங்கி வைங்க அழகம்மா மதினி வீட்டு மோட்டாருல தண்ணி கம்மியா வந்தா அது மோட்டாரு குத்தமில்ல வால்வுல இலை அடைச்சிருக்கும். சுயம்புலிங்கத்தை ஐந்து மணிக்கு எடுத்து, சுடுகாட்டில் வைத்து, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஊர் திரும்பி பஸ் ஸ்டாண்டைக் கடந்தபோதும் அவன் மேலே சிவப்பாகப் பேசிக்கொண்டுதான் இருந்தான். வேலுச்சாமி மாமா அப்படியே கடைக்குப் போய் கெப்பாசிட்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மோட்டார் ஓடியது.

ஊர் இதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. முதல் இரண்டு நாள் கும்பலாக நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து பஸ் நேரங்களைச் சாக்பீஸால் எழுதி வைத்தார்கள். நாலாம் நாள் சங்கம் நிழலுக்குப் பந்தல் போட்டது. ஐந்தாம் நாளிலிருந்து சம்சாரிகள் ரிப்பேரான மோட்டார்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து போர்டுக்கு நேராக இறக்கி வைத்துக்கொண்டு, தங்கள் முறை வருகிறவரை டீ குடித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கண்டக்டர்மார்கள் டிக்கெட் கிழித்துக்கொண்டே வாசித்துச் சொன்னார்கள். காவலுக்கு நிறுத்திய போலீஸ்காரர் தன் வீட்டு கிரைண்டரைப் பற்றிக் கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொண்டார். வெளியூர்க் காலேஜிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், இது கம்ப்யூட்டர் நினைவில் கிடக்கிற குப்பை, இதில் ஒன்றுமில்லை என்று அரைமணி நேரம் விளக்கிவிட்டுப் போனார். அடுத்த வாரம் தன் வாஷிங் மெஷின் மோட்டாரைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கரண்ட் போனால் சுயம்புலிங்கம் இருண்டு போவான், வந்தால் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவான். பதினாறாம் நாள் பெண்கள் கூடிப் பேசி, வாக்கியம் முடியாத மனுசனுக்குக் கருமாதி எப்படிச் செய்வது என்று வடிவின் தாலியைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள்.

எதனால் போர்டு நிற்கவில்லை என்பது வடிவுக்கு முதல் நாளே தெரியும். சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒரு நிமிசத்து வேலை. கூட்டவில்லை. ஊர், பாவம், புருசன் மேல் உள்ள பிரியத்தால் விட மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து அவளுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தது. அவள் உட்கார்ந்திருந்தது பிரியத்தால் மட்டும் இல்லை. ஊரில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறவன், சாப்பிடாமல் போனதைப் பற்றித் தன்னிடமும் ஒரு வார்த்தை சொல்லட்டும். கோபம் என்று சொன்னாலும் சரி, போடி என்று சொன்னாலும் சரி. அந்த ஒரு வார்த்தை வந்ததும் ஒன்றைக் கூட்டிவிடலாம் என்று இருந்தாள். அவன் வேலுச்சாமி மாமாவிடம் பேசினான், அழகம்மா மதினியிடம் பேசினான், எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கடைக்கு வந்த ஆளிடம்கூடப் பேசினான். வடிவு என்ற மூன்று எழுத்து மட்டும் அந்தப் போர்டில் வரவே இல்லை. அவளாகக் கேட்கவும் இல்லை. கேட்டால் அது தோற்பது என்று நினைத்தாள். செத்தவனிடம் என்ன வீம்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு, அப்போதும் கேட்காமல் இருந்தாள்.

இதற்குள் ஊரில் சாவு நிற்கவில்லை. ஒரு அறிவிப்பு முடிந்தால்தான் அடுத்தது ஓடும். சுயம்புலிங்கம் முடியாததால் இருபது நாளில் ஆறு பேர் உள்ளே காத்துக் கிடந்தார்கள். முதலில் இருந்தது சங்கச் செயலாளர் ஞானதிரவியம் அண்ணாச்சியின் அம்மா. அண்ணாச்சி ஒருநாள் வந்து கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். போர்டை ஏதாவது செய் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று வடிவு எழுந்து நின்றாள்.

"உக்காரு தங்கச்சி. சுயம்பு நிதானமா பேசி முடிக்கட்டும். எங்கம்மா எம்பத்திரெண்டு வருசம் பொறுத்துப் போனவ, இன்னும் பத்து நாள் பொறுத்துக்கிடுவா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ மொறை வரும்போது எனக்கு மட்டும் முந்தியே சொல்லிரும்மா. அவகிட்ட நான் ஒண்ணு கேக்கணும்" என்றார்.

வடிவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. காத்திருக்கிற ஆறு வீட்டுக்காரர்களும் ஏன் ஒருத்தர்கூடச் சண்டைக்கு வரவில்லை என்றால், தங்கள் முறை வரும்போது தங்கள் ஆளும் இப்படியே பேசுவார் என்று எல்லோரும் நம்பிக் காத்திருக்கிறார்கள்.

அவர்களில் முப்பிடாதி மட்டும் வீட்டுக்கே போவதில்லை. பீடி சுற்றிப் பிழைக்கிறவள், புருசன் இல்லாதவள். ஒரே மகள் கார்த்தீஸ்வரி நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தவள், ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பிடாதி அழவில்லை. மகளின் அறிவிப்பை எழுதிக்கொடுத்த நாளிலிருந்து பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் போர்டுக்கு நேராக உட்கார்ந்துவிட்டாள், பீடித் தட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

வடிவு டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவளாகவே சொன்னாள். "ஆம்புலன்சுல என் கையப் பிடிச்சிக்கிட்டு, அம்மா, ஒனக்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா. சொல்லுட்டின்னேன். அதுக்குள்ள வண்டி ஒரு பள்ளத்துல விழுந்து குலுங்கிச்சி, கண்ணு மேல சொருகிட்டு. அதச் சொல்லாமப் போயிட்டா. பரவாயில்ல, இதுல சொல்லிருவா. ஒங்க வீட்டுக்காரவ முடிக்கட்டும், நான் எங்கயும் போகல."

வடிவு டீயைக் கீழே வைத்தாள்.

இருபத்து நாலாம் நாள் காலை பத்து மணிக்கு அது நடந்தது. தென்காசி பஸ் வந்து நின்று, கூட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். போர்டில் சுயம்புலிங்கம் யாருக்கோ, மோட்டாரில் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனான்: இம்பெல்லரைக் கழட்டி மண்ணைத் தட்டிட்டு அம்மா தலை வலிக்கி புஷ் தேஞ்சிருந்தா மாத்திரு அம்மா ஒனக்கிட்ட ஒண்ணு நட்டை ரொம்ப முறுக்காத.

முப்பிடாதி பீடித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எம்புள்ள! எம்புள்ள வந்துட்டா!" என்று கூவினாள். பஸ்ஸில் ஏறப் போனவர்கள் ஏறாமல் நின்றார்கள். யாரோ சந்தோசத்தில் கைதட்டினார்கள்.

வடிவு மட்டும் கடை வாசலில் வெளிறிப்போய் நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காத்திருந்த ஆறு பேருடைய எழுத்துகளும் சுயம்புலிங்கத்துக்கு அடுத்தடுத்த அறைகளில்தான் உட்கார்ந்திருந்தன. முடிவு என்று ஒன்று இல்லாமல் வாசித்துக்கொண்டு போகிற போர்டு, அவனுடைய அறைகளைத் தாண்டி, அந்த ஆறு பேருக்குள்ளும் நுழைந்துவிட்டது. இனி கார்த்தீஸ்வரி தனியாக வரமாட்டாள். அவள் அம்மாவிடம் சொல்ல நினைத்தது இம்பெல்லரோடும் நட்டோடும் கலந்து, துண்டு துண்டாக, அவன் வாயில் வந்து தீர்ந்து போகும். அண்ணாச்சியின் அம்மாவும் அப்படித்தான். எண்பத்திரண்டு வருடம் பொறுத்தவள் ஒரு வால்வுக்கும் ஒரு ஸ்டார்ட்டருக்கும் நடுவில் போய்விடுவாள்.

ஒரு வார்த்தைக்காகத் தான் உட்கார்ந்திருந்த இருபத்து நாலு நாளும் இங்கே வந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். முப்பிடாதிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அறைகளைப் பற்றி, சைபரைப் பற்றி, முதல் நாளே தெரிந்தும் தான் சும்மா இருந்ததைப் பற்றி. ஊர் சுற்றி நின்று கேட்டது.

"இப்ப இதச் சரி பண்ணுனா?" என்றாள் முப்பிடாதி.

"எழுதிக் கொடுத்தது மட்டும் ஓடும்க்கா. பேரு, வயசு, நேரம். அதுக்குமேல யாரும் பேச மாட்டாவ."

"எனக்கு வேண்டாம். இப்படியே விட்டுரு. தெத்தல்முத்தலா, துண்டு துண்டா வந்தாலும் பரவாயில்ல, நான் பொறுக்கிச் சேத்துக்கிடுவேன்."

"அக்கா, நான் இருவத்திநாலு நாளா இந்தப் போர்டுக்கு எதுத்தாப்புலதான் உக்காந்திருக்கேன். எங்க வீட்டுக்காரவ ஊருக்கெல்லாம் பேசுதாவ. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல."

முப்பிடாதி அவளை உற்றுப் பார்த்தாள். "நீ கேட்டியா?"

வடிவு மடியிலிருந்த கம்ப்யூட்டரைப் பெஞ்சில் இறக்கி வைத்தாள்.

"கேளுட்டி. கேக்காம எந்த ஆம்பள பேசுவான்? கேட்டுட்டு என்னமும் செய்யி."

வடிவு எழுந்து, இறக்கி வைத்திருந்த மோட்டார்களுக்கு நடுவே நடந்து, மற்றவர்கள் நின்று கேட்கிற அதே இடத்தில் போய் நின்றாள். தென்காசி பஸ் டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். டீக்கடைக்காரர் ஸ்டவ்வின் இரைச்சலைக் குறைத்தார். வடிவு அண்ணாந்து பார்த்தாள். கழுத்து நரம்பு தெரிந்தது.

"ஏங்க," என்றாள். கொஞ்சம் சத்தமாகத் திரும்பவும் சொன்னாள். "ஏங்க. அன்னைக்கிச் சாப்பிடாமப் போயிட்டீங்களே. நான் சொன்ன சொல்லு மனசுல தச்சிட்டா?"

சிவப்பு எழுத்துகள் நகர்ந்தன. எல்லோரும் வாசித்தார்கள். மூணாவது பேஸ்ல லூஸ் கனெக்சன் இருக்கு திரவியம் கண்ணு தெரியலடா எதுத்த வீட்டு ராசகோபாலு டெஸ்டரை வச்சுப் பாரு அம்மா ஒனக்கிட்ட வயரை மாத்து. வடிவு இன்னும் நின்றாள். ராசகோபாலுக்கு முடிந்து வேறு யாருக்கோ தொடங்கியது, அதுவும் மோட்டார்தான். அவள் தலையைக் குனிந்தாள். ஞானதிரவியம் அண்ணாச்சி தன் பெயரைப் போர்டில் பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோடு சாய்ந்தார்.

வடிவு திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த வரியில் ஒன்றைக் கூட்டினாள். போர்டுக்கு அனுப்புகிற பட்டனின் மேல் விரலை வைத்தபோது முப்பிடாதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது. வடிவு கையை உதறவில்லை. மேலே இன்னொரு தடவை அம்மா என்று வந்து, அதற்கு அடுத்து மூணு எச்பி மோட்டாரு என்று ஓடியது. அதைப் பார்த்த பிறகு முப்பிடாதியின் பிடி தானாகத் தளர்ந்தது.

போர்டு இருண்டு, திரும்ப எரிந்தது. சுயம்புலிங்கம், வயது நாற்பத்தாறு, மோட்டார் காயில் கட்டுபவர், மாலை ஐந்து மணி. பிறகு ஒன்றும் இல்லை. எழுத்துகள் இடது ஓரத்தில் ஒவ்வொன்றாகப் போய் மறைந்தன, போர்டு வெறுமையாக நின்றது. இருபத்து நாலு நாளாக நிற்காமல் ஓடிய போர்டு நின்றதும் கும்பலில் ஒருவர் கைகூப்பினார், அதைப் பார்த்து மற்றவர்களும் கைகூப்பினார்கள்.

அடுத்தது அண்ணாச்சியின் அம்மா முறை. அண்ணாச்சி தூணிலிருந்து நகராமல், "மொதல்ல அந்தப் புள்ள போகட்டும்" என்றார். வடிவு வரிசையை மாற்றினாள்.

கார்த்தீஸ்வரி தனியாக வந்தாள். யாரோடும் கலக்காமல், ஒவ்வொரு எழுத்தும் முழுசாக, ஒவ்வொன்றும் ஒரே அகலத்தில், வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு நிதானமாக நடந்து போனாள். வயது பதினேழு. நர்சிங் முதலாம் ஆண்டு. முப்பிடாதியின் மகள். அதற்குமேல் எழுத்து இல்லை. முப்பிடாதி அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி முதலிலிருந்து ஓடியது. உதடு அசைய அவளும் கூடவே வாசித்தாள். மூன்றாவது தடவை ஓடி முடிந்தபோது, போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எம்புள்ள என்ன சொல்ல வந்தான்னு இனி எனக்குத் தெரியாது, இல்லையா வடிவு?"

"தெரியாதுக்கா."

"எப்பவுமா?"

வடிவு கம்ப்யூட்டரை மூடினாள்.

"எப்பவும் தெரியாதுக்கா" என்றாள்.

முப்பிடாதி தலையை ஆட்டிக்கொண்டாள். பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்தாள், திரும்பக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்துகொண்டு, மகள் செத்ததிலிருந்து முதல் முறையாக, அவள் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினாள்.